பிலிப்பைன்ஸ் பண்பாட்டை மினிமலிச (குறைந்த கோடும் நிறமும் கொண்ட) டிஜிட்டல் ஓவியத்தில் காட்ட முடியுமா?

தாராளமாக முடியும். ஆனால் கொடியையும், ஜீப்னி என்ற அந்நாட்டுப் பயணிகள் வண்டியையும் மட்டும் வரைந்தால் அது சுற்றுலா ஸ்டிக்கராகத்தான் நிற்கும். இயல்பிலேயே எளிய வடிவம் கொண்ட பொருளைத் தேடுங்கள்.

என் முதல் தேர்வு காப்பிஸ் சிப்பி ஜன்னல். ஸ்பானியர் காலத்துக் கல்வீடுகளில் கண்ணாடிக்குப் பதிலாக, சதுரமாக வெட்டிய சிப்பித் தகடுகளை மரச்சட்டத்தில் வரிசையாகப் பொருத்தினார்கள். வெயில் அதன் வழியே பால்போல் மங்கி உள்ளே வரும். வரைய இரண்டு நிறம் போதும்: மரப்பழுப்பு, சிப்பி வெள்ளை. எல்லாக் கட்டத்துக்கும் ஒரே வெள்ளையை நிரப்பாதீர்கள். நாலைந்து கட்டங்களில் மட்டும் ஒபாசிட்டியை (நிறத்தின் அடர்த்தியை) லேசாகக் குறையுங்கள். ஜன்னலுக்கு உயிர் வந்துவிடும்.

கிறிஸ்துமஸ் கால பரோல் விளக்கு இன்னும் சுலபம். ஐந்து முனை நட்சத்திரம், கீழே இரண்டு குஞ்சம், அவ்வளவுதான்.

பாய்பாயின் என்ற பிலிப்பைன்ஸின் பழைய எழுத்தும் அருமையான கச்சாப்பொருள். நம் எழுத்தைப் போலவே பிராமி வழி வந்தது. ஓர் எழுத்தின் மேலே சிறு குறி இட்டால் இகர, எகர ஒலி. கீழே இட்டால் உகர, ஒகர ஒலி. அந்தக் குறியின் இடத்தைக் கவனமாகப் பாருங்கள், தவறினால் சொல்லே மாறிவிடும்.

தெற்கே மிண்டனாவோ தீவில் வாழும் டிபோலி பழங்குடிப் பெண்கள் அபாகா என்ற வாழையினச் செடியின் நாரில் நெய்யும் தினாலாக் துணியின் கோலங்களை மட்டும் அப்படியே நகலெடுக்காதீர்கள். அவை கனவில் கிடைப்பவை என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தச் சமூகத்தின் அனுமதி கேட்டுவிட்டுத் தொடுவதே முறை.