மார்க்கெட் போனவர்களா சீரியல் நடிகைகள்?

கேள்வி: சென்ற இதழின் அட்டையில் ஒரு டி.வி. சீரியல் நடிகையின் படத்தைப் போட்டிருந்தீர்கள். சினிமாவில் மார்க்கெட் போனவர்களும், சினிமாவுக்கு எடுபடாதவர்களும் வந்து சேருகிற இடம்தானே சீரியல்? கிளிசரின் போட்டு அழுவதைத் தவிர அதில் என்ன நடிப்பு இருக்கிறது? இவர்களுக்கெல்லாம் அட்டைப்படம் தேவையா?

– வாசகர், திண்டுக்கல்

பதில்: ‘மார்க்கெட் போனவர்கள்’ என்ற சொல்லில் இருந்தே ஆரம்பிக்கிறேன். அந்த மார்க்கெட் யாருக்கு எத்தனை வயதில் கடையைச் சாத்தியது என்று முதலில் பார்த்துவிடலாம்.

ராதிகாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1978-ல் பாரதிராஜாவின் ‘கிழக்கே போகும் ரயில்’ படத்தில் அறிமுகமானவர். தமிழிலும் தெலுங்கிலும் பெரிய கதாநாயகர்கள் எல்லாரோடும் நடித்தவர். 1995-ல் அதே பாரதிராஜாவின் ‘பசும்பொன்’ படத்தில் அவருக்கு என்ன வேடம் தெரியுமா? பிரபுவுக்கு அம்மா. பிரபு பிறந்தது 1956-ல், ராதிகா பிறந்தது 1962-ல். தன்னைவிட வயதில் மூத்தவருக்குத் தாயாக நடித்தார், நன்றாகவே நடித்தார். அப்போது அவருக்கு முப்பதைக் கொஞ்சம் தாண்டிய வயது. 1999-ல் ‘படையப்பா’ வந்தபோது ரஜினிகாந்துக்கு 48 வயது. அவர் அப்போதும் கதாநாயகன்தான், இன்றைக்கும் கதாநாயகன்தான். அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் முப்பது தாண்டிய நடிகையை அம்மா, அண்ணி, அக்கா என்று ஓரமாக உட்காரவைத்துவிட்டு, அவர் வேறு வாசல் வழியாக நடுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தால் ‘மார்க்கெட் போய்விட்டது’ என்று சொல்வது நியாயமா?

ராதிகாவுக்கு அந்த வாசல் 1999 டிசம்பரில் திறந்தது. சன் டிவியில் ‘சித்தி’. அந்தத் தலைப்பே எவ்வளவு துணிச்சலானது என்று இப்போது யோசித்தால் புரிகிறது. நம் வீடுகளில் இரண்டாந்தாரமாக வருகிற சித்தி என்றால் கொடுமைக்காரி. மூத்தாள் குழந்தைக்குச் சோறு போடாதவள். பாட்டி சொன்ன கதையில் இருந்து சினிமா வரை அப்படித்தான். அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து, தான் பெறாத பெண் குழந்தைக்காக ஊரையே எதிர்த்து நிற்கும் சாரதாவாக வந்தார். கணவராக சிவகுமார். நித்யஸ்ரீ மகாதேவன் பாடிய டைட்டில் பாட்டு ஆரம்பித்தால் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் விட்ட வரியை அடுத்த வீட்டில் கேட்டுக்கொண்டே நடக்கலாம். அது முடிகிற வரை யார் வீட்டுக் கதவையும் தட்டக் கூடாது என்பது எழுதாத சட்டம். தெருமுனை இஸ்திரிக் கடைக்காரர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, டி.வி. தெரிகிற ஒரு ஜன்னலுக்கு வெளியே கைகட்டி நின்று பார்த்தது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ஆண்கள் சீரியல் பார்ப்பதில்லை என்று யாராவது சொன்னால் அவர் முகம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

இதில் நடிப்பு பாதிக் கதைதான். ‘சித்தி’யைத் தயாரித்தது ராதிகாவின் சொந்த நிறுவனமான ராடான். அப்புறம் ‘அண்ணாமலை’, ‘செல்வி’, ‘அரசி’, ‘செல்லமே’, ‘வாணி ராணி’ என்று அடுத்தடுத்து. இரவு ஒன்பதரை மணி என்றால் ராதிகா என்று ஆகிப்போனது. அந்த நிறுவனம் பங்குச் சந்தை வரை போனது. ரம்யா கிருஷ்ணன் நடத்திய ‘தங்கவேட்டை’ நிகழ்ச்சியும் ராடான் தயாரிப்புதான். தனக்கான வேடத்தை யாராவது எழுதித் தருவார்களா என்று காத்திருக்காமல், வேடத்தையும் உருவாக்கி, நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலையும் கொடுத்த பெண் அவர். 2013-ல் இருந்து 2018 வரை ஓடிய ‘வாணி ராணி’யில் இரட்டை வேடம் வேறு: ஒருத்தி வக்கீல், இன்னொருத்தி குடும்பத் தலைவி. இருவரும் சேர்ந்து வரும் காட்சி என்றால் ஒருத்தியாக எதிரே இல்லாத தங்கையிடம் பேசிவிட்டு, புடவையும் தலையலங்காரமும் மாற்றிக்கொண்டு வந்து, தங்கையாக அக்காவுக்குப் பதில் சொல்ல வேண்டும். சினிமாவில் ஒரு படத்துக்குச் சில நாட்கள் இதைச் செய்தாலே பேட்டியில் பெருமையாகச் சொல்கிறார்கள். இவர் ஆறு ஆண்டுகள் செய்தார்.

தேவயானியைச் சொல்லாமல் விட முடியாது. ‘காதல் கோட்டை’, ‘சூர்யவம்சம்’ என்று வெற்றிப்படங்கள் கொடுத்தவர் 2003-ல் திருச்செல்வம் இயக்கிய ‘கோலங்கள்’ தொடருக்கு வந்தார். கட்டடத் தொழிலில் இறங்கி, பிறந்த வீட்டைத் தூக்கி நிறுத்தும் அபி. 2009 வரை, 1500 எபிசோடுகளுக்கும் மேல். விளம்பரம் போக எபிசோடுக்கு 20 நிமிடம் என்று வைத்தாலே 500 மணி நேரம் ஆகிறது. இரண்டரை மணி நேரப் படமாகப் பார்த்தால் 200 படம். எல்லாக் காட்சியிலும் அவர் இல்லை, சரி, பாதி என்றே வையுங்கள். நூறு படம், ஒரே பாத்திரம். முந்தாநாள் எப்படி நின்றாள், போன மாதம் யாரிடம் எந்தக் குரலில் பேசினாள் என்பதையெல்லாம் உடம்பில் வைத்துக்கொண்டு மறுநாள் காலை செட்டுக்குப் போக வேண்டும். அதே தொடரில் உஷாவாக வந்த தீபா வெங்கட்டின் குரலை நீங்கள் சினிமா தியேட்டரிலும் கேட்டிருப்பீர்கள். ‘ராஜா ராணி’யில் நயன்தாராவுக்குக் குரல் கொடுத்தவர் அவர். குரலும் முகமும் இப்படித் தேறியவர்களைத்தான் ‘எடுபடாதவர்கள்’ என்கிறீர்கள்.

ரம்யா கிருஷ்ணனை உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன், பிடிக்காதவர்கள் குறைவு. 2015-ல் ‘பாகுபலி’ வந்தது. அதில் சிவகாமியாக வந்த அவரைப் பார்த்துத் தியேட்டரில் கைதட்டினோம். அதே வாரத்தில் சன் டிவியில் ‘வம்சம்’ தொடரிலும் அவர் வந்துகொண்டிருந்தார், அதற்கு முன் ‘தங்கம்’. அந்தக் கண்ணை, அந்த அதட்டலை நம் வீட்டுப் பெண்கள் எத்தனையோ இரவுகளாகப் பார்த்தவர்கள்தான். வாணி போஜன் ‘தெய்வமகள்’ சத்யாவாக ஐந்து வருடம் வீடுவீடாக வந்த பிறகுதான் சினிமாவில் அவருக்குப் பெரிய வாய்ப்புகள் வந்தன. அதே தொடரில் கன்னட நடிகை ரேகா கிருஷ்ணப்பா ‘அண்ணியார்’ காயத்ரியாக வந்து என்ன பாடு படுத்தினார்! அவர் திட்டு வாங்காத தெருவே இல்லை. ஒரு வில்லிக்கு அதைவிடப் பெரிய விருது எது?

இனி கிளிசரினுக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன்பு சென்னையில் வாடகைக்கு எடுத்த ஒரு பங்களாவில் நடந்த படப்பிடிப்பை ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். சாவு வீட்டுக் காட்சி. ஒலிப்பதிவுக்காக மின்விசிறி, ஏ.சி. எல்லாம் நிறுத்தியிருந்தார்கள். மே மாதம். இறந்த கணவராக நடிக்க வேண்டியவருக்கு அன்று கால்ஷீட் இல்லை. கீழே ஒரு தலையணை, அதன் மேல் ஒரு மாலை. அதைப் பார்த்துத்தான் அந்தப் பெண் கதற வேண்டும். கேமராவுக்குப் பின்னால் உதவி இயக்குநர் ஒருவர், ரேஷன் கடையில் பெயர் வாசிப்பதுபோல, ஏற்ற இறக்கமே இல்லாமல் வசனத்தை வாசிக்கிறார். அந்தத் தட்டையான வரியைக் காதில் வாங்கி, அடுத்த நொடியே நெஞ்சில் அடித்துக்கொண்டு அவர் பேசுகிறார். வசனத்தில் எங்கேயோ ‘நீங்க’ என்று இருந்ததை அவராக ‘நீ’ என்று மாற்றினார். உயிரோடு இருந்தவரைக்கும் மரியாதையாகப் பேசியவள் இப்போது உடைந்துபோய் ஒருமையில் கூப்பிடுகிறாள். யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் நின்ற லைட்மேன் தலையைக் குனிந்துகொண்டார்.

உடனே அடுத்த வேலை. மாமியாரைப் பார்த்து ஒரு ரியாக்‌ஷன், நாத்தனாரைப் பார்த்து ஒன்று, வாசலைப் பார்த்து ஒன்று. எதிரே எந்த மாமியாரும் இல்லை. சுவரில் ஒட்டிய ஒரு துண்டு டேப்தான் மாமியார். இடையில் ஒருவர் செல்போனில் நேற்று எடுத்த படத்தைக் காட்டி, ‘மேடம், வளையல் நாலு இருந்துச்சு’ என்கிறார். இன்னொரு வளையலைப் போட்டுக்கொண்டே மகளுக்கு போன் செய்து ‘டியூஷனுக்குக் கிளம்பிட்டியா, டிபன் பாக்ஸ்ல தோசை இருக்கு’ என்று சொல்லிவிட்டு வந்து மறுபடி அழுதார். மத்தியானம் மூன்று மணிக்கு அதே கூடத்தில் அதே பெண் பட்டுப்புடவையில் நின்றார். வேறொரு எபிசோடின் கல்யாண ஏற்பாட்டுக் காட்சி. சிரிக்க வேண்டும். கண் வீங்கியிருந்தது, ஐஸ்கட்டி வைத்து ஒற்றிக்கொண்டார். அந்தப் புடவை அவருடைய சொந்தக் காசில் வாங்கியது. பிளவுஸ், நகை, எல்லாமே அப்படித்தான் என்றார். பெரும்பாலான சீரியல்களில் இதுதான் நடைமுறை. சம்பளம் ஒரு நாள் கால்ஷீட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. நாள் இல்லை என்றால் பணமும் இல்லை.

கிளிசரின் கண்ணில் தண்ணீரைத்தான் கொண்டுவரும். ‘நீங்க’வை ‘நீ’ என்று மாற்றச் சொல்லித் தராது.

உங்கள் கோபத்தில் ஒரு பங்கு எனக்கும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கல்யாணத்தை இரண்டு மாதம் இழுப்பது, பெண்ணுக்குப் பெண்ணே விஷம் வைப்பது, அறை விழுந்தால் அதை மூன்று தடவை திருப்பிக் காட்டுவது, இதெல்லாம் எனக்கும் சலிப்புதான். ஆனால் அதை எழுதுவது அந்த நடிகை இல்லை. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வாராவாரம் சொல்லும் டி.ஆர்.பி. எண்ணைப் பார்த்துக் கதையைத் திருப்புவது சேனலும் தயாரிப்புத் தரப்பும். காலையில் கையில் கிடைக்கிற பேப்பரை நம்பும்படியாகச் செய்து காட்டுவதுதான் அவர் வேலை. எண் இறங்கினாலோ, வாக்குவாதம் முற்றினாலோ ஒருநாள் திரையின் கீழே ஒரு வரி ஓடும்: ‘இனி இவருக்குப் பதில் இவர்’. மறுநாள் வேறொரு முகம் அதே பெயரோடு அதே சமையலறையில் நிற்கும். பல வருடம் வீட்டுப் பெண்ணாக இருந்தவருக்கு நாம் விடைகொடுக்கும் முறை அந்த ஒற்றை வரி. சினிமா நட்சத்திரம் ஒருவரை இப்படி மாற்ற யாருக்காவது துணிச்சல் வருமா?

2020-ல் ஊரடங்கில் படப்பிடிப்பு நின்று, பழைய ‘மெட்டி ஒலி’யை மறுபடி போட்டபோது எங்களுக்கு வந்த கடிதங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த ஐந்து அக்கா தங்கைகளையும் பெயர் சொல்லி, சொந்தக்காரர்களைப் போல நலம் விசாரித்திருந்தார்கள்.

கடைசியாக, அட்டைப்படம். தேவைதான். வருகிற தீபாவளி இதழின் அட்டையிலும் ஒரு சீரியல் நடிகைதான், போட்டோ எடுத்தாகிவிட்டது. காலை ஆறு மணிக்கே மேக்கப்பை முடித்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். ஒன்பது மணிக்கு ஷூட்டிங் என்று எட்டுக்குக் கிளம்பினார். இட்லி வாங்கி வைத்திருந்தோம். காரில் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, அன்றைய சீன் பேப்பரை மடியில் விரித்துப் படித்தபடியே போனார்.