பைக்குக் காவலாகப் பாட்டியா?

மே லீவு நெருங்குகிறது, அதனால் இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி சிங்கப்பூர்தான், அதிலும் சென்டோசா தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காதான். ஒரே மாதிரி கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: நான், கணவர், 8 வயது மகன், 4 வயது மகள், மாமியார் என ஐந்து பேர் போகிறோம். ஒரு நாள் முழுக்க யுனிவர்சல் ஸ்டுடியோஸ். மாமியாருக்கு வயது 66, முழங்கால் வலி உண்டு. அவரையும் அழைத்துப்போகலாமா, இல்லை அறையிலேயே ஓய்வெடுக்கச் சொல்லலாமா?

அவரிடம் கேட்டீர்களா? 'எனக்கெதுக்கும்மா, நீங்க போயிட்டு வாங்க' என்று சொல்லியிருந்தால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், டிக்கெட் விலை காதில் விழுந்ததும் நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் சொல்வது அதுதான். பெரியவர்களுக்கு ஒரு ஆளுக்கு சுமார் 80 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நம் பணத்தில் ஐயாயிரத்தைத் தாண்டும். 60 வயதைக் கடந்தவர்களுக்குக் குறைந்த விலை டிக்கெட் இருக்கிறது என்பதை அவரிடம் முதலில் சொல்லுங்கள், பாதி மனசு அங்கேயே மாறிவிடும்.

ஆனால் கூட்டிப்போவதாக இருந்தால் ஒழுங்காகக் கூட்டிப்போங்கள். நாங்கள் என் அம்மாவை அழைத்துப்போன லட்சணத்தைச் சொல்கிறேன். நாங்கள் ஒவ்வொரு ரைடுக்கும் ஓட, அம்மா பூங்காவுக்குள் எகிப்து போல அமைத்த பகுதியில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், மடியில் இரண்டு பை, காலடியில் இரண்டு பை, கையில் என் வீட்டுக்காரரின் மூக்குக் கண்ணாடி. சாயங்காலம் 'என்னம்மா பார்த்தே' என்று கேட்டால், 'ஒரு சீனக் குழந்தை ஐஸ்கிரீமைக் கீழே போட்டுட்டு அழுதுச்சு. அப்புறம் நம்ம பையைப் பார்த்துக்கிட்டிருந்தேன்' என்றாள். தப்பு முழுக்க எங்களுடையது. பெரிய ரைடுகளின் வாசலில் லாக்கர் இருக்கிறது, முதலில் கொஞ்ச நேரத்துக்குக் காசு கிடையாது, நேரம் போனால்தான் கட்டணம். பையைக் காக்க ஒரு மனுஷி தேவையே இல்லை.

உங்கள் மாமியாருக்கு அங்கே வேலை நிறைய இருக்கிறது. லாஸ்ட் வேர்ல்டு பகுதியில் வாட்டர்வேர்ல்டு என்ற நேரடி ஷோ நடக்கும். வெடி, தீ, தண்ணீரில் ஸ்டண்ட் எல்லாம் உண்டு, அவர் காலரி மாதிரி படிவரிசையில் உட்கார்ந்தே பார்க்கலாம். முன் வரிசைகள் தொப்பலாக நனையும், அதனால் மேலே இடம் பிடியுங்கள். நியூயார்க் பகுதியில் ஒரு கொட்டகைக்குள் சினிமா செட் போட்டுப் புயல் அடிக்கவைத்துக் காட்டுவார்கள், அதுவும் அவருக்கு ஒத்துவரும். 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் லாண்டில் சின்னப் பிள்ளைகளுக்கான ராட்டினம் இருக்கிறது, பேத்தியோடு அங்கே அவரே உட்கார்ந்துகொள்வார்.

நடைதான் பிரச்சினை. மொத்த இடம் 20 ஹெக்டேர், ஐம்பது ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் ஒரு ஏரி, அதைச் சுற்றி வளையமாக எல்லாப் பகுதிகளும். நுழைவாயில் பக்கத்திலேயே வீல்சேர் வாடகைக்குக் கிடைக்கும். 'நான் என்ன நோயாளியா' என்று அவர் முறைக்கலாம், முறைக்கட்டும். காலையில் அந்த வண்டியில் பைகளையும் தண்ணீர் பாட்டிலையும் வைத்துத் தள்ளுங்கள், மதியம் இரண்டு மணிக்கு அவரே பைகளை எடுத்து உங்கள் கையில் கொடுத்துவிட்டு உட்காருவார்.

அடுத்தது பையன். வயதை விடுங்கள், அங்கே உயரம்தான் கணக்கு. டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102 செ.மீ., ஜுராசிக் பார்க் படகுக்கு 107, இருட்டுக்குள் ஓடும் மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122, இரண்டு தண்டவாளத்தில் போட்டிபோட்டு ஓடும் பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125. எட்டு வயதுப் பையன் பெரும்பாலும் 120-ஐ ஒட்டித்தான் நிற்பான், அதனால் கிளம்புவதற்கு முன்பே சுவரில் நிறுத்திப் பென்சிலால் கோடு போட்டு அளந்துவிடுங்கள், கிடைக்காததை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். என் மகனுக்கு அப்போது 120. மம்மி வாசலில் அளவுகோலுக்குக் கீழே நின்று குதிகாலை மெதுவாகத் தூக்கினான், அளந்துகொண்டிருந்த ஊழியப் பெண் சிரித்துக்கொண்டே அவன் தோளை அழுத்தினாள், குதிகால் தரைக்கு வந்தது. ரைடு போனதுகூடப் பரவாயில்லை, அக்கா மகள் மட்டும் உள்ளே போய்விட்டாள் என்பதற்காக ஒரு மணி நேரம் அழுகை.

நான்கு வயது முடிந்த மகளுக்கு டிக்கெட் உண்டு. அதற்குக் கீழே இருந்தால் இலவசம், 4 முதல் 12 வரை குழந்தை விலை. பெரிய ரைடுகளில் 'சைல்டு ஸ்வாப்' என்று வரிசையில் சேரும்போதே கேளுங்கள். ஒருவர் ஏறும்போது இன்னொருவர் குழந்தையோடு காத்திருந்து, அப்புறம் மறுபடி வரிசையில் நிற்காமல் மாறிக்கொள்ளலாம். மாமியாரைக் குழந்தைக்குக் காவல் வைக்கவும் வேண்டாம், சரியா?

மதுரையிலிருந்து: ரைடுகளில் நீண்ட வரிசையைத் தாண்டிப் போக விற்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் அவசியமா? டிக்கெட் விலையே மலைப்பாக இருக்கிறது.

எந்த நாளில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நமக்கு மே லீவு என்றால் அங்கே பள்ளிக்கூடம் நடக்கிறது, அவர்களுடைய நடுவருட விடுமுறை மே கடைசியில்தான் தொடங்கும். எனவே மே முதல் மூன்று வாரங்களில், மே தினம், விசாக தினம் இரண்டையும் தவிர்த்து, செவ்வாய் புதன் மாதிரி ஒரு நாள் போனால் பாஸ் இல்லாமலேயே சமாளிக்கலாம். ஜூன், டிசம்பர், சனி ஞாயிறு என்றால் பணத்தைப் பார்க்காதீர்கள், வாங்கிவிடுங்கள். ஒரு வகைப் பாஸில் ஒரு ரைடுக்கு ஒரு முறைதான், அன்லிமிடெட் என்பது தனி. இரண்டுமே நுழைவு டிக்கெட் அல்ல, அதை வாங்கிவிட்டு டிக்கெட் எடுக்காமல் வந்து நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாஸ் இல்லாதவர்கள் கதவு திறப்பதற்கு அரை மணி முன்னால் வாசலில் இருங்கள், முதல் ஒரு மணி நேரத்திலேயே பெரிய கோஸ்டர்களை முடித்துவிடுங்கள். பெரியவர்கள் தனித்தனியாக உட்காரச் சம்மதித்தால் 'சிங்கிள் ரைடர்' வரிசை வேகமாக நகரும்.

கோயம்புத்தூரிலிருந்து: தயிர் சாதம் கட்டிக்கொண்டு போகலாமா?

உள்ளே விட மாட்டார்கள், வாசலில் பை சோதனை உண்டு. கைக்குழந்தை உணவு, மருத்துவக் காரணத்துக்கான உணவு இவற்றுக்கு விலக்கு இருக்கிறது. அன்று மறுபடி உள்ளே வரக் கையில் முத்திரை குத்திக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டும் வரலாம். சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரே குடிக்கலாம், அதனால் காலி பாட்டில் ஒன்று போதும். காலையில் சிராங்கூன் சாலையில் 1947 முதல் நடக்கும் கோமள விலாஸில் இட்லி தோசையை ஒரு பிடி பிடித்துவிட்டுக் கிளம்பினால் மதியம் வரை கவலை இல்லை.

சென்னையிலிருந்து: மழை வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. அங்கே மழை என்பது மத்தியானம் திடீரென்று கொட்டி ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடுகிற சங்கதி. மின்னல் வந்தால் வெளியில் ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். கூரைக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி எல்லாம் ஓடும், அதனால் மேகம் கறுக்கும்போதே அந்தப் பக்கம் நகர்ந்துவிடுங்கள். இன்னொன்று, ஜுராசிக் பார்க் படகில் கடைசியில் ஒரு விழுகை இருக்கிறது, மழையே இல்லாவிட்டாலும் இடுப்புக்குக் கீழே நனைவது உறுதி. தயவுசெய்து ஜீன்ஸ் போட்டுக்கொண்டு ஏறாதீர்கள், சாயங்காலம் வரை காயாமல் தொடையை அறுக்கும். ஊரிலிருந்தே பத்திருபது ரூபாய் பிளாஸ்டிக் மழைக்கோட்டு ஆளுக்கு ஒன்று எடுத்துப்போங்கள், அங்கே வாங்கினால் அந்த விலைக்கு இங்கே ஒரு நல்ல குடையே வாங்கலாம்.

தஞ்சாவூரிலிருந்து: லிட்டில் இந்தியாவில் தங்குகிறோம். டாக்ஸி பிடிக்க வேண்டுமா?

வேண்டாம். லிட்டில் இந்தியா எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) நிலையத்தில் ஊதா நிற வழியில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் ஹார்பர்ஃபிரண்ட், அதுவே கடைசி நிறுத்தமும், தவறவிட வாய்ப்பே இல்லை. மேலே ஏறினால் விவோசிட்டி என்ற பெரிய மால். அதன் மூன்றாம் தளத்தில் சென்டோசா மோனோ ரயில், ஒருவருக்கு 4 வெள்ளி, ரிசார்ட்ஸ் வேர்ல்டு நிலையத்தில் இறங்குங்கள். திரும்பி வர மோனோ ரயிலுக்குக் காசு கிடையாது. நடக்க முடிந்தவர்களுக்குக் கடல்மேல் போர்டுவாக் என்று ஒரு பாலம், இலவசம்தான், ஆனால் நாள் முழுக்க நடக்கப்போகிற கால்களை அங்கேயே செலவழிக்க வேண்டாம். போகும்போது ரயில். திரும்பும்போது பிள்ளைகள் தூங்காமல் இருந்தால் பாலம்.