குட்டி ஆக்ஸலாட்டல் கால் போச்சுன்னு கேட்டவருக்கு

ப்ரோ, ரெண்டு ஆக்ஸலாட்டல் (தண்ணியிலயே வாழ்ற ஒரு வகை சாலமாண்டர்) குட்டிய ஒரே டேங்க்ல விட்டதுல ஒண்ணு இன்னொண்ணோட முன்னங்கால கடிச்சிருச்சு, இப்ப நுனியில வெளிறிப்போய் ஒரு மொட்டு வருது, அத வெட்டணுமா மருந்து போடணுமான்னு கேட்டிருக்கீங்க. கை வச்சிராதீங்க, அதுதான் புதுக் கால்!

கால் போன சில மணி நேரத்துலயே சுத்தி இருக்கிற தோல் செல்லுங்க நகர்ந்து வந்து காயத்த மூடிரும், அப்புறம் அதுக்கு அடியில இருக்கிற செல்லுங்க பார்த்துட்டிருந்த வேலைய விட்டுட்டு திரும்ப பெருக ஆரம்பிச்சு ஒரு குவியலா சேரும், பேரு பிளாஸ்டிமா, எலும்பு தசை எல்லாம் அதுல இருந்துதான். நமக்குன்னா அங்க தழும்பு விழுந்து கதை முடிஞ்சிரும். முதல்ல தட்டையா துடுப்பாட்டம் இருக்கும், அப்புறம் ஒவ்வொரு விரலா பிரியும், முன்னங்கால்ல மொத்தம் நாலுதான், அஞ்சாவது வரலன்னு டென்ஷன் ஆகாதீங்க. குட்டிங்கறதால ரெண்டு மாசத்துல ஓரளவு கால் ஆயிரும், பெருசுக்குத்தான் லேட்டாகும்.

ஆனா பஞ்சு பஞ்சா வெள்ளையா தொங்குனா அது பூஞ்சை, உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க.

முதல்ல ரெண்டையும் பிரிங்க, இந்த சைஸ்ல வாய்கிட்ட எது அசைஞ்சாலும் அதுக்கு சாப்பாடுதான். இது மெக்சிகோவுல சோச்சிமில்கோ பக்கத்து குளிர்ந்த தண்ணியில வாழ்ற ஜீவன், அதனால 16-18 டிகிரி வைங்க, 24 தாண்டவே விடாதீங்க. டேங்க் தண்ணியில அமோனியா (கழிவுல இருந்து சேர்ற விஷம்) எவ்வளவுன்னு டெஸ்ட் பண்ணீங்களா? ரீடிங் போடுங்க பார்க்கலாம்.