ஜவ்வு விலகவில்லை, உப்பியிருக்கிறது: மூன்று வருட இடுப்பு வலிக்கு என்ன வழி?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். வயது 43. தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டதில் ஆரம்பித்தது, மூன்று வருடமாக வலி. போன வருடம் இடது கெண்டைக்கால் வரை இழுத்தது. இப்போது அது குறைந்து, இடுப்பில்தான் அதிகம். எம்ஆர்ஐ ஸ்கேனில் 'எல்4-எல்5, எல்5-எஸ்1 டிஃப்யூஸ் டிஸ்க் பல்ஜ், இன்டென்டிங் தீக்கல் சாக்' என்று எழுதியிருக்கிறது. ஒரு டாக்டர் ஆபரேஷன் என்கிறார், இன்னொருவர் பெல்ட் போட்டுப் படுத்திருக்கச் சொல்கிறார். சொந்தக்காரர்கள் ஜவ்வைத் தள்ளிவிடும் வைத்தியரிடம் போகச் சொல்கிறார்கள். காலையில் எழுந்து வாசல் கூட்டும்போதுதான் உயிர் போகிறது. இது சரியாகுமா? வேலையை விட்டுவிட வேண்டுமா? மார்கழிக்குக் கோலமாவது போட முடியுமா?

பதில்: சரியாகும் சகோதரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்தில் இந்தச் சொல்லை உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்பது உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. எத்தனை மாதத்தில் என்று தேதி குறிக்க என்னால் முடியாது. ஆனால் காலுக்குள் இறங்கிய வலி மேலே ஏறி இடுப்போடு நின்றிருக்கிறது என்கிறீர்கள். பிசியோதெரபி செய்பவர்கள் பார்க்க ஆசைப்படும் மாற்றம் அது. நரம்பு வேரில் இருந்த எரிச்சல் தணிந்து வருகிறது என்று பெரும்பாலும் அதற்கு அர்த்தம்.

அப்புறம், ஒரு வார்த்தையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். 'ஜவ்வு விலகிடுச்சு' என்று நம் ஊரில் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். விலகியது என்றால் இடம் பெயர்ந்தது என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். தள்ளினால் பழைய இடத்துக்குப் போய்விடும் என்று நம்புவார். குனிந்தால் இன்னும் விலகும் என்று பயந்து இடுப்பை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொள்வார். உண்மையில் அந்த ஜவ்வு, அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவில் உள்ள டிஸ்க், எங்கும் நழுவிப் போவதில்லை. மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு அது நாரால் இறுகப் பிணைந்திருக்கிறது. வெளியே வெங்காயம் மாதிரி அடுக்கடுக்கான நார் வளையங்கள், உள்ளே தண்ணீர்ச் சத்துள்ள கூழ். வயது ஏற ஏற அந்தத் தண்ணீர் குறைகிறது, டிஸ்க்கின் உயரம் கொஞ்சம் இறங்குகிறது, சுற்றிலும் ஓரம் லேசாகப் பிதுங்குகிறது. 'டிஃப்யூஸ் பல்ஜ்' என்பது அதுதான். தள்ளி உள்ளே அனுப்ப அங்கே எதுவும் இல்லை. அதனால் முதுகில் ஏறி மிதிப்பது, சடக்கென்று திருகுவது போன்ற வைத்தியத்துக்குப் போகாதீர்கள். பெரிய பிதுக்கம் உள்ளவருக்கு அது நரம்பையே பாதிக்கலாம்.

'இன்டென்டிங் தீக்கல் சாக்' என்ற வரியைப் பார்த்துத் தண்டுவடம் நசுங்குகிறது என்று பயந்திருப்பீர்கள். நரம்புகளைச் சுற்றியுள்ள உறையை அந்த உப்பல் லேசாக அழுத்துகிறது என்பதுதான் அதன் பொருள். பெரும்பாலானவர்களுக்குத் தண்டுவடம் எல்1, எல்2 என்ற மேல் இடுப்பு எலும்புகளுக்கு அருகிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே, உங்களுக்கு உப்பியிருக்கும் இடத்தில் தனித்தனி நரம்பு வேர்கள்தான் ஓடுகின்றன, அவற்றுக்கு ஒதுங்க இடம் உண்டு.

இந்த உப்பல் எவ்வளவு சகஜம் தெரியுமா? முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் விவரங்களை 33 ஆய்வுகளிலிருந்து திரட்டி 2015-ல் வெளியிட்டார்கள். 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது. 40 வயதில் அது 50 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். அப்படியானால் உங்கள் கம்பெனியில் வலியில்லாமல் தைத்துக்கொண்டிருக்கும் உங்கள் வயதுக்காரர்கள் பத்துப் பேரை ஸ்கேன் எடுத்தால், ஏறக்குறைய ஐந்து பேருக்கு இதே வரி வரும். உங்கள் வலி பொய் என்று நான் சொல்லவில்லை. வலி முழுக்க உண்மை. குடம் தூக்கிய அன்று டிஸ்க்கோ அதை ஒட்டிய நரம்போ எரிச்சலடைந்திருக்கலாம். ஆனால் அந்தக் காயம் ஆறிய பிறகும் வலியை அறிவிக்கும் நரம்பு மண்டலம் மாதக்கணக்கில் உஷாராகவே இருந்துவிடும், தசைகள் இறுகியே கிடக்கும், தூக்கம் கெடும், பயம் கூடும். நாள்பட்ட வலியில் நாம் வேலை செய்ய வேண்டிய இடங்கள் இவை.

பிதுங்கியது தானாகச் சுருங்குமா என்று பலர் கேட்பார்கள். 2015-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு இதைப் பார்த்தது. கூழ் முழுதாக உடைந்து தனித் துண்டாக வந்துவிட்டவர்களில் 96 சதவீதம் பேருக்கு அது சுருங்கியது. நாரைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தவர்களில் 70 சதவீதம். வெறும் பல்ஜ் உள்ளவர்களில் 13 சதவீதம்தான். வெளியே வந்த துண்டை உடல் வேற்றுப் பொருளாகப் பார்த்து அரித்துவிடுகிறது, உள்ளேயே இருக்கும் உப்பலை அப்படிப் பார்ப்பதில்லை. 13 சதவீதம் என்று படித்ததும் மனசு விட்டுவிடாதீர்கள். உப்பல் அப்படியே இருக்கும்போதே வலி போனவர்கள் ஏராளம். ஸ்கேன் படத்தைச் சரிசெய்வது நம் குறிக்கோள் இல்லை என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இனி, சில விஷயங்களில் மட்டும் கொஞ்சமும் தாமதிக்கக் கூடாது. சிறுநீர் வராமல் தேங்குவது அல்லது தெரியாமல் போவது, மலம் கட்டுப்படாதது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி உணர்ச்சி மரத்துப்போவது, இரண்டு கால்களும் ஒருசேர பலமிழப்பது: இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே, இரவானாலும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். வாரம் ஒருமுறை வீட்டிலேயே ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். சுவரைப் பிடித்தபடி குதிகாலில் பத்து அடி, நுனிக்காலில் பத்து அடி நடந்து பாருங்கள். ஒரு பக்கம் தொய்ந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, படுத்தாலும் குறையாத இரவு வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோய் உண்டா என்று பார்த்தே ஆக வேண்டும். நம் நாட்டில் அது அபூர்வமில்லை. இன்னொன்று, காலை இறுக்கம் அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, ஓய்வில் கூடி, நடமாட நடமாடக் குறைந்தால் அது அன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற வேறு நோயாக இருக்கலாம். அதற்கான ரத்தப் பரிசோதனை பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

உங்கள் காலை வலிக்குச் சாதாரணமான காரணமும் ஒன்று உண்டு, எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். இரவு படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் தண்ணீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். நாம் எல்லோருமே காலையில் இரவைவிட ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாக இருப்பது இதனால்தான். அந்த உயரத்தில் பாதிக்கு மேல் எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே குறைந்துவிடும். அதுவரை, குனிந்தால் டிஸ்க்கில் விழும் அழுத்தம் மற்ற நேரத்தைவிடப் பல மடங்கு. நம் பெண்கள் எழுந்த கையோடு செய்வது என்ன? வாசல் கூட்டுவது, சாணி தெளிப்பது, கோலம் போடுவது, குடத்தில் தண்ணீர் பிடிப்பது. எல்லாமே இடுப்பை வளைத்துச் செய்யும் வேலை, எல்லாமே அந்த ஒரு மணி நேரத்தில். 1998-ல் அமெரிக்காவில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்களிடம் எழுந்தபின் முதல் இரண்டு மணி நேரம் குனிவதை மட்டும் தவிர்க்கச் சொல்லி ஆறு மாதம் பார்த்தார்கள். வலியோடு கழியும் நாட்கள் குறைந்தன. மருந்து இல்லை, செலவு இல்லை. நாளையிலிருந்தே இதைச் செய்யுங்கள். எழும்போது ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழுங்கள். முதலில் பத்து நிமிடம் நடந்துவிட்டுக் காபி போடுங்கள். வாசலை வீட்டில் வேறு யாராவது கூட்டட்டும், இல்லையென்றால் நீளக் கைப்பிடி விளக்குமாறு வாங்குங்கள். தண்ணீரை இரவே பிடித்து வைக்கலாம், குடத்தைவிட அரை வாளி நல்லது. ஆறு வாரம் இப்படி இருந்து பாருங்கள்.

உடற்பயிற்சி என்றதும் பலர் கால் கட்டை விரலைத் தொடுவதிலும், முழுதாக எழுந்து உட்காரும் வயிற்றுப் பயிற்சியிலும் தொடங்குகிறார்கள். உங்களுக்கு இப்போது இரண்டும் வேண்டாம். மாலை நேரத்தில் இவ்வளவு போதும். குப்புறப் படுத்து இரண்டு நிமிடம் சும்மா இருங்கள். பிறகு முழங்கையை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்துங்கள். அப்போது காலில் இருக்கும் வலி இடுப்புப் பக்கம் ஏறினால் தொடருங்கள், காலுக்குள் இன்னும் கீழே இறங்கினால் நிறுத்திவிடுங்கள். அடுத்தது, குழந்தை தவழ்வது போல் நான்கு காலில் நின்று, வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டி எட்டு நொடி நிறுத்துங்கள், பிறகு மாற்றுங்கள். இடுப்பு ஆடக் கூடாது, முதுகில் தண்ணீர்ச் சொம்பு வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஐந்து முறை. நேரத்தைக் கூட்ட வேண்டாம், பழகிய பிறகு எண்ணிக்கையைக் கூட்டலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் நடை. ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலியிலிருந்து தேறிய 701 பேரை வைத்து நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. ஒரு பிரிவினரைப் படிப்படியாக, வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிட நடைக்குப் பழக்கினார்கள். நடந்தவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்பி வர 208 நாள் ஆனது, மற்ற பிரிவில் பாதிப் பேருக்கு 112 நாள். நீங்கள் ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். வாரத்துக்கு இரண்டு, மூன்று நிமிடம் கூட்டினால் போதும். வலி குறைந்த நாளில் உற்சாகமாக ஒரு மணி நேரம் நடந்துவிட்டு மூன்று நாள் படுத்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

வேலையை விட வேண்டாம். வருமானம் போன கவலையும் வீட்டில் அடைந்து கிடப்பதும் வலியைக் கூட்டத்தான் செய்யும். ஆனால் ஒன்றரை ஷிப்டு மட்டும் மூன்று மாதத்துக்கு வேண்டாம், ஒரு ஷிப்டு போதும் என்று சூப்பர்வைசரிடம் பேசிப் பாருங்கள். அரை மணிக்கு ஒருமுறை ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். பீஸ் ரேட்டில் அது கஷ்டம் என்று எனக்குத் தெரியும், அடுத்த துணிக்கட்டை எடுக்க எழுந்து போவதையே அதற்கான நேரமாக வைத்துக்கொள்ளலாம். ஸ்டூலில் முதுகு சாய இடமில்லை என்றால் சாய்மானம் உள்ள நாற்காலி கேளுங்கள். இடுப்பு வளைவில் மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். பெடலுக்கு எட்டிக் கால் நீட்டாதபடி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். ஈஎஸ்ஐ கார்டு இருந்தால் அதன் வழியாக, இல்லையென்றால் மாவட்ட அரசு மருத்துவமனையில் பிசியோதெரபிக்குப் போய், நான் சொன்ன பயிற்சிகளைச் சரியாகச் செய்கிறீர்களா என்று ஒருமுறை காட்டிவிடுங்கள்.

பெல்ட்டை எப்போதும் கட்டியிருக்காதீர்கள். பஸ்ஸிலோ ஸ்கூட்டரிலோ குலுங்கிப் போகும்போதும் மிஷினில் கடைசி இரண்டு மணி நேரமும் கட்டிக்கொள்ளலாம், அதையும் மெல்லக் குறையுங்கள். மெடிக்கலில் நீங்களாகவே வாங்கித் தினமும் போடும் வலி மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தரையில்தான் படுக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2003-ல் ஸ்பெயினில் நடந்த ஆய்வில், மிகக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி குறைந்தது. பாய் உங்களுக்கு வசதியாக இருந்தால் பாயிலேயே படுங்கள், முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை வைத்துக்கொண்டு.

ஆபரேஷன் பற்றி. அது கால் வலிக்கும் நரம்பு பலவீனத்துக்கும் உதவுகிறது, உப்பலோடு இருக்கும் வெறும் இடுப்பு வலிக்கு அவ்வளவாக உதவுவதில்லை. கடுமையான கால் வலியே இருந்த 283 பேரை வைத்து நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2007-ல் வந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் வேகமாகத் தேறினார்கள். ஆனால் ஒரு வருட முடிவில் இரு பிரிவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷனுக்குப் போனார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு இப்போது கால் வலி இறங்குமுகம், பலவீனம் எதுவும் நீங்கள் எழுதவில்லை. அதனால் அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. கையெழுத்துப் போடுவதற்கு முன் 'எந்த அறிகுறி குறைவதற்காக இந்த ஆபரேஷன்?' என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள்.

நடுவில் ஒருநாள் வலி மறுபடி பிடிக்கும். அநேகமாக எல்லோருக்கும் வருகிறது, அதுவரை தேறியது வீணாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு நாள் வேலையைக் குறையுங்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், முழுதாகப் படுத்துவிடாமல் வீட்டுக்குள்ளேயே இரண்டு நிமிடம், மூன்று நிமிடமாக நடங்கள். வலி அடங்கியதும் விட்ட இடத்துக்குச் சற்று முன்னாலிருந்து தொடங்குங்கள். மறுபடி எம்ஆர்ஐ எடுக்கத் தேவையில்லை. ஒரு நோட்டில் எத்தனை நிமிடம் நடந்தீர்கள், இரவில் எத்தனை முறை விழித்தீர்கள், எத்தனை மணி நேரம் தைத்தீர்கள் என்று எழுதி வாருங்கள்.

கோலம் போடலாம். ஆறு வாரம் கழித்து, சாயங்காலத்தில், முக்காலியில் உட்கார்ந்து நான்கு புள்ளிக் கோலத்தில் தொடங்குங்கள். அது பழகினால் எட்டுப் புள்ளி, பிறகு நின்று குனிந்து. மார்கழியில் விடியற்காலைதான் வேண்டும் என்று மனசு கேட்டால், ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து, நடந்துவிட்டு, அதன் பிறகு மாவை எடுங்கள். அல்லது முந்தின இரவே போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.