மாதவிடாய் நின்று 11 வருடமான அம்மாவுக்கு, மாரடைப்பு வராமல் இருக்க ஹோர்மோன் மாத்திரை தொடங்கலாமா?

இதயத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். அம்மாவுக்கு 61 வயது, சீனி வருத்தம் உண்டு, உடல் சூடேறி வியர்க்கும் தொல்லை இப்போது இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நிலையில் அந்த மாத்திரையில் உள்ள பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரஜனால் கிடைப்பது குறைவு, ஆபத்துத்தான் கூட.

1990களில் பல டொக்டர்மார் இதயப் பாதுகாப்புக்கென்றே இதைக் கொடுத்தது உண்மை. ஏற்கெனவே இதய நோய் இருந்த பெண்களிடம் 1998இல் ஹெர்ஸ் ஆய்வு அதைச் சோதித்தது: மொத்தத்தில் பலன் இல்லை, முதல் வருடத்தில் மாரடைப்பு கூடியது. 2002இல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், ஈஸ்ட்ரஜனும் புரோஜெஸ்ட்ரோன் வகை ஹோர்மோனும் சேர்ந்த கூட்டு மாத்திரையைச் சோதித்த, 16,608 பெண்களைக் கொண்ட பிரிவை, ஆபத்து பலனை மிஞ்சியதால் இடையிலேயே நிறுத்தினார்கள். ஆனால் அதைப் படித்துவிட்டு ஹோர்மோன் என்றாலே விஷம் என்பதும் தவறு. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63.

வயது ஏன் முக்கியம்? சுத்தமாக இருக்கும் இரத்தக் குழாயை ஈஸ்ட்ரஜன் விரியவிடும், கெட்ட கொலஸ்ட்ரோலையும் குறைக்கும். கொழுப்பு ஏற்கெனவே படிந்த குழாயில் கதை வேறு: படிவின் மேல்மூடி பலவீனப்பட்டு வெடிக்கலாம், அங்கே இரத்தம் உறையலாம். எலைட் என்ற ஆய்வு (2016) கழுத்து இரத்தக் குழாயின் சுவர்த் தடிப்பை அளந்தது. மாதவிடாய் நின்று 6 வருடத்துக்குள் தொடங்கியவர்களுக்கு வருடத்துக்கு 0.0044 மில்லிமீற்றர் தடித்தது. மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 0.0078. பத்து வருடம் கடந்து தொடங்கியவர்களிடம் அந்த வித்தியாசமே இல்லை. அம்மா இந்த இரண்டாவது கூட்டம். இன்னொன்று, சுவர் மெதுவாகத் தடிப்பதும் மாரடைப்பு குறைவதும் ஒன்றல்ல.

51 வயது சித்தியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவர் விடயம் வேறு. இரவெல்லாம் வியர்த்துத் தூக்கம் கெடுகிறது என்றால் அவர் தாராளமாக டொக்டரிடம் கேட்கலாம். மார்புப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, காலில் இரத்தக் கட்டி, ஈரல் நோய், காரணம் தெரியாத இரத்தப்போக்கு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். விழுங்கும் மாத்திரை ஈரல் வழியாகப் போய் இரத்தம் உறையவைக்கும் பொருட்களைக் கூட்டும். தோலில் ஒட்டும் பேட்சிலும் ஜெல்லிலும் அந்தச் சிக்கல் மிகக் குறைவு. கர்ப்பப்பை இருந்தால் புரோஜெஸ்ட்ரோனும் கட்டாயம், வழக்கமாக இரவில் 100 மில்லிகிராம். அதை விட்டுவிட்டு ஈஸ்ட்ரஜனை மட்டும் எடுத்தால் கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்துப் புற்றுநோய்வரை போகலாம். அக்கா தங்கைக்குள் மருந்துச் சீட்டைப் பகிர்வதில் நடக்கும் பெரிய பிழை இதுதான்.

பேட்சை இடுப்புக்குக் கீழே, பவுடரோ தேங்காய் எண்ணெயோ படாத காய்ந்த தோலில், உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்தி ஒட்ட வேண்டும். மார்பில் ஒட்டவே கூடாது. கொழும்பு வெக்கையில் குளித்த உடனே ஒட்டினால் கழன்றுவிடும். ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்ற வேண்டும்.

அம்மாவுக்கு உண்மையில் தேவை பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் கட்டுப்பாடு. சீனி வருத்தம் இருப்பதால், கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை தேவையா என்று அடுத்த கிளினிக்கில் கட்டாயம் கேளுங்கள். அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்ப்பார்கள். அம்மாவுக்கு ஒரு துளி இரத்தம் பட்டாலும், "பழைய மாதவிடாய்தான்" என்று விடாமல் உடனே காட்டுங்கள்.