போர்ட்டோ ரிக்கோ பாடகர் பேட் பன்னியின் பாடல்களில் கேட்கும் 'பிளேனா' என்றால் என்ன? அதை அவர் ஏன் இப்போது எடுத்துப் பாடுகிறார்?

பிளேனா, கரீபியன் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவின் தெருப்பாட்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொன்சே நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளில் வளர்ந்தது. தீ விபத்து, வேலைநிறுத்தம், பக்கத்து வீட்டு வம்பு என எல்லாமே பாட்டாகும். அதனால் 'பாடும் செய்தித்தாள்' என்றே பெயர். டீக்கடையில் ஒருவர் பேப்பரை உரக்கப் படிக்க, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடினால் எப்படியிருக்கும், அப்படி. வாத்தியம் பாண்டெரெட்டா. கஞ்சிராவிலிருந்து சலங்கையைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் பெரிதாக்கிய மாதிரி இருக்கும். மூன்று அளவு உண்டு. பெரிய இரண்டும் தாளத்தைப் பிடித்துக்கொள்ள, சின்னது மட்டும் இஷ்டத்துக்கு விளையாடும்.

சரி, பேட் பன்னி 2025 ஆல்பத்தில் இதை ஏன் சேர்த்தார்? 1898 முதல் தீவு அமெரிக்காவின் கையில் இருக்கிறது. அங்கே வசிப்பவர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை உண்டு, அதிபர் தேர்தலில் ஓட்டு கிடையாது. பிழைப்புக்காக வெளியேறிய குடும்பங்கள் ஏராளம். அப்படிப்பட்ட இடத்தில் 'நாங்கள் யார்' என்று சொல்ல மிஞ்சுவது மொழியும் தாளமும்தான். அதே ஆண்டு தீவின் தலைநகர் சான் ஹுவானில் அவர் நடத்திய தொடர் கச்சேரியில் முதல் 9 நாள் தீவுவாசிகளுக்கு மட்டுமே டிக்கெட்.