பாஸ்வேர்டை ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடலாமா?

கேள்வி: ஒரு லினக்ஸ் கணினியிலிருந்து இன்னொன்றுக்கு தினமும் இரவு கோப்புகளை அனுப்ப, எஸ்சிபி (கோப்பு நகலெடுக்கும் கட்டளை) வைத்து ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறேன். நானே ஓட்டினால் பாஸ்வேர்ட் கேட்கிறது, கொடுத்ததும் போய்விடுகிறது. குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போட்டால் போவதில்லை. பாஸ்வேர்டை ஸ்கிரிப்டிலேயே எழுதிவிடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஸ்கிரிப்ட் பேக்கப்புக்குப் போகும், நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்டுக்குப் போகும், நண்பருக்கு மாதிரியாகப் போகும். எங்கே போனாலும் பாஸ்வேர்டும் கூடவே போகும். 1995-ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகள் திருடுபோன பிறகுதான் அங்கிருந்த தாத்து யூலோனென், எஸ்சிபி பயன்படுத்தும் பாதுகாப்பான இணைப்பு முறையான எஸ்எஸ்எச்-ஐயே எழுதினார்.

இந்த வேலைக்கென்றே தனியாக ஒரு சாவி ஜோடி உருவாக்குங்கள்: ரகசியச் சாவி உங்கள் கணினியிலேயே இருக்கும், பொதுச் சாவி பெறும் கணினிக்குப் போகும். எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையில் ஈடி25519 வகையைக் கொடுத்தால் போதும். இரவில் பாஸ்ஃபிரேஸ் (ரகசியச் சாவியைப் பூட்டும் கடவுச்சொல்) கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. அதனால் அதைக் காலியாகத்தான் விட வேண்டும். அப்படியானால் அந்த ரகசியச் சாவி யார் கைக்குப் போனாலும் திறக்கும். ஆகவே அதைக் கட்டிப்போடுவது அவசியம். பெறும் கணினியில், அனுமதித்த சாவிகளின் பட்டியலான 'ஆதரைஸ்டு கீஸ்' கோப்பில், அந்தப் பொதுச் சாவி இருக்கும் வரியின் தொடக்கத்தில் மூன்று விஷயங்களைச் சேருங்கள்: 'ரெஸ்ட்ரிக்ட்', 'ஃப்ரம்' என்று அனுப்பும் கணினியின் ஐபி முகவரி, 'கமாண்ட்' என்று 'இன்டர்னல்-எஸ்எஃப்டிபி' (எஸ்எஃப்டிபி என்பது எஸ்எஸ்எச் வழியே கோப்பு அனுப்பும் முறை). இனி அந்தச் சாவியை வைத்து ஷெல்லுக்குள் (கட்டளைகள் ஓட்டும் இடத்துக்குள்) நுழைய முடியாது, கோப்பு மட்டும்தான் போகும். ரகசியச் சாவிக் கோப்பின் அனுமதி 600 (நீங்கள் மட்டும் படிக்க, எழுத) ஆக இருக்கட்டும். பிறரும் படிக்கும்படி இருந்தால் எஸ்எஸ்எச் அதை ஏற்காது.

முதல் இணைப்பில் எதிர்க் கணினியின் கைரேகையை (அதன் சாவியை அடையாளம் காட்டும் எழுத்துவரிசையை) காட்டி 'யெஸ்' சொல்லச் சொல்லும். இந்தத் தொல்லைக்காகப் பலர் இந்தச் சோதனையைச் செய்யும் 'ஸ்ட்ரிக்ட்ஹோஸ்ட்கீசெக்கிங்'கை அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நடுவே யாராவது வேறொரு கணினியை நிறுத்தி வைத்தாலும் உங்கள் ஸ்கிரிப்ட் கோப்பை அங்கே கொடுத்துவிட்டு வந்துவிடும். கிரான் எந்தப் பயனர் பெயரில் ஓடுமோ அந்தப் பெயரிலேயே ஒருமுறை இணைந்து, எதிர்க் கணினியில் காட்டும் கைரேகையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுவிட்டு 'யெஸ்' கொடுங்கள். அப்புறம் கேட்காது.

சரி, ஸ்கிரிப்டுக்கு வருவோம். 'பேட்ச்மோட்'டை 'யெஸ்' என்று வையுங்கள். பாஸ்வேர்டுக்காகக் காத்து நிற்காமல் உடனே தோல்வி என்று சொல்லிவிடும். சாவியின் முழுப் பாதையையும் கொடுங்கள்.

எஸ்சிபிக்குப் பதிலாக எஸ்எஃப்டிபியை மைனஸ் பி-யோடு (கட்டளைகளை ஒரு கோப்பிலிருந்து படிக்கும்படி) ஓட்டச் சொல்வேன். ஒரு கட்டளை தவறினாலும் அங்கேயே நின்றுவிடும். கோப்பை 'அறிக்கை.பாதி' என்ற பெயரில் ஏற்றி, முழுதும் போனபின் 'அறிக்கை.சிஎஸ்வி' என்று பெயர் மாற்றுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பக்கம் காத்திருக்கும் நிரல் பாதிக் கோப்பை எடுத்துப் படித்துவிடும். எஸ்எஃப்டிபி முடிவில் திருப்பும் எண் 0 ஆக (வெற்றி என்று) இருந்தால் மட்டும் உங்கள் பக்கத்துப் பிரதியை அழியுங்கள்.